‘சும்மா இருப்பவர்’களுக்கு ஒரு குறியீட்டு எண்

பெறுநர்: தேசியப் புள்ளியியல் அலுவலகம், புது தில்லி.

பொருள்: ‘சும்மா இருப்பவர்’ என்னும் பிரிவினருக்குத் தனிக் குறியீட்டு எண் ஒதுக்கக் கோருதல்.

பெருமதிப்புக்குரிய அலுவலகத்துக்கு,

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் பீடி சுற்றும் வீடுகளை முன்னிட்டு எழுதப்படும் இவ்விண்ணப்பம், அலுவலகத்தின் எண்ணும் ஆற்றலில் எள்ளளவும் ஐயம் கொண்டதன்று. 2017 ஏப்ரல் முதல் நடைபெற்றுவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, மாதிரியில் அகப்படும் ஒவ்வொருவரையும் ஓர் ஈரிலக்க எண்ணுக்குள் அடக்கிவிடுகிறது: சொந்தத் தொழில் செய்வோர் 11, குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர் 21, மாணவர் 91, வீட்டு வேலை மட்டும் பார்ப்போர் 92, அதனோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குத் தீவனம் சேர்த்து, வீட்டாருக்குத் துணியும் தைத்துக் கொடுப்போர் 93. இவற்றுள் கடைசி இரண்டும் ‘உழைப்புப் படை’க்கு, அதாவது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகைக்கு, வெளியே நிற்பவை என்பதால், விறகுக் கட்டைத் தலையில் சுமந்து வருபவர் எதையும் உழைத்துவிடவில்லை என்று அறிந்து நாடு நிம்மதி கொள்கிறது.

இந்த எண்களைக் கொண்டு பீடி சுற்றும் ஒரு சுளகை அளக்க முயலும்போதுதான் சிறு இடர்ப்பாடு நேர்கிறது. திண்ணையில் ஒரே சுளகைச் சுற்றி அமர்ந்திருக்கும் மூவரில் மாமியார் இலை வெட்டுகிறார், மருமகள் தூள் வைத்துச் சுற்றுகிறார், பள்ளி விட்டு வந்த பேத்தி முனை மடக்கி நூல் கட்டுகிறாள். பீடிக்கடையின் பாஸ் புத்தகத்தில் இருப்பதோ மருமகளின் பெயர் மட்டுமே. மூலப்பொருளைப் பெற்று வீட்டிலிருந்தே சுற்றித் தருபவரும் தொழிலாளியே என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அலுவலகத்தின் கையேட்டில், வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்குச் செய்பவர், அதாவது இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், சுயதொழில் புரிபவராகிறார். எப்போது, எங்கே, எப்படி உற்பத்தி செய்வது என்பதைத் தாமே முடிவு செய்யும் சுதந்திரம் சுயதொழிலின் இலக்கணமாம். இலை கடையுடையது, தூள் கடையுடையது, ஆயிரத்துக்கு இன்ன கூலி என்பதும் தரமில்லை என்று கழித்த பீடிகள் எத்தனை என்பதும் கடையின் தீர்ப்பு; ஆயினும் அடுப்பில் சோறு கொதிக்கும்போது சுற்றுவதா, குழந்தை உறங்கியபின் சுற்றுவதா என்று முடிவெடுக்கும் முழு அதிகாரம் மருமகளிடமே இருப்பதால், அவரைத் தொழில்முனைவோர் என்று அழைத்ததில் அலுவலகம் தவறிழைத்ததாகக் கூற இயலாது.

சமூகப் பாதுகாப்போ ஊதியத்துடன் கூடிய விடுப்போ இல்லாத வேலையை ‘முறைசாரா வேலை’ என்பது உலக வழக்கு. பாஸ் புத்தகத்தின் வழியே வைப்பு நிதி பிடிக்கப்படும் மருமகள் ஒரு காலால் முறைசார்ந்த கரையில் நிற்கிறார். அவர் வெட்டவேண்டிய இலையை வெட்டித் தரும் மாமியாருக்கு எந்தக் கரையும் இல்லை. (கானாவின் அக்ரா நகரில் கூலியல்லாத வழிகளில் பிழைத்தோரை ஆராய்ந்த கீத் ஹார்ட் 1970-களின் தொடக்கத்தில் பரப்பிய இச்சொல், இன்று இந்திய உழைப்பாளரில் பத்தில் ஒன்பது பேரைக் குறிக்கிறது. சாம்பாரில் உப்பு நீங்கலான அனைத்துக்கும் ‘உப்புசாராப் பொருள்கள்’ என்று பெயரிட்ட சமையற்காரரின் துணிவு இதில் உண்டு.)

இனி விண்ணப்பத்தின் மையப் பொருள். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறார்களா என்று வினவும்போது, பெரும்பாலும் ஆணின் குரலில் வரும் விடை ஒன்றே: “இல்ல சார், வீட்லதான் சும்மா இருக்காங்க.” தமிழில் ‘வேலை’ என்பது போய்ச் சேரவேண்டிய ஓர் இடம், போகாதவர் சும்மா இருப்பவர். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்தச் ‘சும்மா’வே களத்தில் 92 என்று மொழிபெயர்க்கப்படுகிறது. கணக்கெடுப்பாளர் மேலும் இரண்டு கேள்வி கேட்டு, ஆண்டில் 30 நாளாவது சுற்றியதுண்டா என்று துருவினால் அதே பெண் துணைநிலைத் தொழிலாளி ஆகிவிடுவார். மாலை மங்கிவிட்டால் ஆகமாட்டார். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புப் படையில் இருப்போரின் பங்கு 2017-18-இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24-இல் 41.7 விழுக்காடாக உயர்ந்ததாக அலுவலகமே அறிவித்துள்ளது. இவர்களில் எத்தனை பேர் புதிதாக வேலைக்கு வந்தவர்கள், எத்தனை பேர் முன்பே செய்துகொண்டிருந்து புதிதாகக் கண்ணில் பட்டவர்கள் என்று பிரித்துக் காட்டும் பத்தி ஒன்று அட்டவணையில் இருந்தால், வாழ்த்துச் சொல்ல விரும்புவோருக்கு யாரை வாழ்த்துவது என்று தெரியும்.

அலுவலகத்தின் இன்னோர் அறையில் நடந்த 2019-ஆம் ஆண்டின் காலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதைக் கண்டறிந்தது. அடுத்த அறையிலோ, வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கோ இலாபத்துக்கோ உழைத்தவரும் அந்த வாரத்தில் வேலையில் இருந்தவர். 60 நிமிடம் வேலையாகவும் வாரத்துக்கு 2,093 நிமிடம் சும்மாவாகவும் விளங்கும் இக்கணிதத்தைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கவும் பரிந்துரைக்கலாம்.

ஆகவே 92-க்கும் 93-க்கும் இடையே, தசமப் புள்ளி வைத்தேனும், ‘சும்மா இருப்பவர்’ என்றோர் எண் அருளப்பட வேண்டும். அதை நிரப்பும் முறை குறித்து ஐயம் எழுமாயின் பீடிக்கடைக்காரரைக் கலந்தாலோசிக்கலாம்: எந்த வீட்டில் எத்தனை கைகள் சுற்றுகின்றன, எந்தக் கை தளர்ந்துவிட்டது, ஆயிரத்துக்கு எத்தனை கிராம் தூள் குறைந்தது என்பதெல்லாம் அவருக்கு மாதிரி எடுக்காமலேயே தெரியும்.

இணைப்பு: சுளகு 1. (பாஸ் புத்தகம் கடையில் இருப்பதால் இணைக்க இயலவில்லை.)