கரிக்கு வந்த வாழ்வு

சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் வீட்டில் அம்மாவின் ஆட்சிதான். பொழுது சாய்ந்தபின் கீழே நிற்காதே. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. கடலில் இறங்காதே. ராத்திரியில் துணி காயப்போடாதே. "சீனப் பேய்க்குத் தமிழ் தெரியாதும்மா, அது எப்படி என்னைக் கூப்பிடும்?" என்று கேட்டால், "செத்தவங்களுக்கு எல்லா பாஷையும் தெரியும்" என்பார்.

சட்டங்களை அம்மாவுக்கு வழங்கியவர் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. இருவருக்கும் பொதுவாக இருந்தது பாதி வெந்த மலாய். பேய் விஷயங்களுக்கு அது தாராளமாகப் போதும். பல வருடங்களில் ஏழாம் மாதம் நம் ஆடி அமாவாசையை ஒட்டியே பிறக்கும். அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வரும்போது, பாட்டி புல்தரையில் ஊதுபத்தி செருகி, சோறும் ஆரஞ்சும் படைத்து, பழைய பிஸ்கட் டின்னில் காகிதப் பணம் கொளுத்திக்கொண்டிருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள், ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் மாதிரி.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு தாய். புத்தரின் சீடர் மொக்கல்லானர், சீனர்களுக்கு மூலியன், இறந்துபோன தன் தாயை ஞானக்கண்ணால் தேடினார். ஊசித் தொண்டையும் பானை வயிறுமாகப் பசித்த ஆவிகளுக்கு நடுவில் கிடந்தாள். ஒரு கிண்ணம் சோறு கொடுத்தார். வாய்க்குப் போகுமுன் சோறு தணலாகிவிட்டது. ஏழாம் மாதப் பதினைந்தாம் நாளில் துறவிகளுக்கு அன்னமிடு, அந்தப் புண்ணியம் அவளைக் கரையேற்றும் என்றார் புத்தர். மாதம் முழுக்க நரகக் கதவு திறந்திருக்கும் என்பது சீனர் நம்பிக்கை. நாதியற்ற ஆவிகளுக்கும் சேர்த்தே படையல்.

அன்றைய ஆவிகளுக்குச் சோறும் கொஞ்சம் சில்லறையும் போதுமானதாக இருந்தது. இன்று காகிதத்தில் பங்களா, கார், வேலைக்காரி, கைப்பேசி எல்லாம் கிடைக்கிறது; சார்ஜர் மறக்காமல் சேர்த்தே விற்கிறார்கள். நரக வங்கி நோட்டில் எத்தனை சைபர் என்று எண்ணக் கண் வலிக்கும். அங்கே விலைவாசி அப்படி! 2016-இல் குச்சி (Gucci) நிறுவனம், தன் கைப்பையைக் காகிதத்தில் செய்து விற்ற ஹாங்காங் கடைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஊர் சிரித்தது; பிறகு நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. இங்கே பிஸ்கட் டின் போய், நகர மன்றம் வைத்த இரும்புத் தொட்டி வந்திருக்கிறது.

ஆவிகளுக்கான சீனக் கூத்தும் சுருங்கி, கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடையை எடுத்துக்கொண்டது. பளபளக்கும் உடுப்பு, ஹொக்கியன் பாட்டு, கொஞ்சம் பச்சையான நகைச்சுவை. முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கென்று காலியாக இருக்கும். கொவிட் வந்த 2020-இல் கெத்தாய் இணைய நேரலைக்குப் போனது. வீட்டு சோபாவில் யாரும் முன்னிடம் விட்டதாகக் கேள்வியில்லை.

மாதத்தின் உச்சம், விருந்தோடு நடக்கும் ஏலம். அரிசி, மதுப்புட்டி, டிவி எல்லாம் போனபிறகு, சிவப்புத் துணி சுற்றிய ஒரு பொருளை மேடைக்குத் தூக்கி வருவார்கள். அடுப்புக்கரி! 'கருந்தங்கம்' என்று பெயர். எடுத்தவருக்கு வியாபாரம் கொழிக்குமாம். பல ஆயிரம் வெள்ளிக்குப் போகும். மூலியனின் தாய் தின்னமுடியாமல் போன தணல், ஆறியபின் இந்த விலை.

அந்தப் பாட்டியின் பேரன் ஒரு வருடம் கரியை எடுத்தான். மேசையெல்லாம் கைதட்டியது. "இவ்வளவு பணத்துக்கு எங்கே போவே?" என்று காதோரம் கேட்டேன்.

"இப்பக் கட்ட வேணாம் அங்கிள். அடுத்த ஏழாம் மாசம்தான் வசூல்."

"அதுக்குள்ள வியாபாரம் ஓடலைன்னா?"

"ஓடலைன்னா கரி பொய்யுன்னு ஆயிடும். ஏலக் கமிட்டி அதை வெளியே சொல்ல விடுமா?" என்றவன், அடுத்ததாக ஏலத்துக்கு வந்த அன்னாசி விளக்குக்கும் கையைத் தூக்கினான்.