சூரியனுக்கும் தரிசன நாள் உண்டு

கேள்வி: எங்கள் ஊர் சங்கரநாராயணர் கோயிலில் சங்கரலிங்கர் கருவறை ஏன் இவ்வளவு இருட்டு? பளிச்சென்று நாலு எல்.இ.டி. விளக்கு போட்டால் என்ன?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: போடலாம். அப்புறம் சூரியனுக்கு அங்கே என்ன வேலை? மார்ச், செப்டம்பர் மாதங்களில் 21, 22, 23 தேதிகளையொட்டி காலைக் கதிர் சங்கரலிங்கர் மேல் விழுவதை உங்கள் ஊரே திரண்டு கும்பிடுகிறதே! மற்ற நாட்களில் சூரியனுக்கு வாசலோடு சரி.

இதில் நுட்பமான கணக்கு இருக்கிறது. கோயில் கிழக்கு பார்த்தது. இரவும் பகலும் சமமாகும் நாட்களையொட்டித்தான் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும். அப்போது உதயமாகும் இடம் நாளுக்கு ஏறத்தாழ 0.4 பாகை, அதாவது கிட்டத்தட்ட சூரியனின் அகலம் அளவுக்கு, நகர்ந்துவிடும். வரிசையாக நிற்கும் வாசல்களைத் தாண்டி உள்ளே வரச் சில காலைகள்தான் வாய்க்கும். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால், சற்று நேரத்திலேயே வாசலின் மேல்நிலை கதிரை மறித்துவிடும்.

எகிப்தின் அபு சிம்பெல் கோயிலிலும் பிப்ரவரி, அக்டோபர் 22-ஐ ஒட்டி இப்படி ஒளி நுழைகிறது. ரோமின் பாந்தியனில் கூரை நடுவே உள்ள சுமார் 9 மீட்டர் வட்டத் திறப்பின் வழியாக ஒளி இறங்குகிறது. உங்கள் ஊரிலோ அது பக்தரைப் போல வாசல் வழியே வருகிறது.

இருட்டைச் செலவில்லாமல் கிடைத்த சிற்பமாக நினையுங்கள். அடுத்த முறை ராஜகோபுரத்து வெயிலிலிருந்து அவசரமில்லாமல் உள்ளே நடங்கள், கண் பழகட்டும். ஒற்றைத் தீபம் எவ்வளவு காட்டுகிறது என்று தெரியும். நிர்வாகத்திடம் கேட்பதென்றால் புது விளக்கு கேட்காதீர்கள்; அந்தக் காலைகளில் இருக்கிற மின்விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள்!