பத்துக்கு 9.6

படம் விட்டு வெளியே வருகிறவனின் கண் வெயிலுக்கு இன்னும் பழகியிருக்காது. அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "ஃபர்ஸ்ட் ஹாஃப் வேற லெவல். செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக். பிஜிஎம் தெறி. ஒருவாட்டி பாக்கலாம்." சென்னையில் இதைச் சொல்ல வாசலிலேயே மைக் காத்திருக்கும். புதுக்கோட்டையில் நாங்கள் டீக்கடைக்குப் போகிறோம்.

எங்கள் பெஞ்ச் தியேட்டரிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர், ஜே.சி.பி. ஓட்டுகிற மாப்பிள்ளை, கல்லூரிப் பையன்கள் இரண்டு மூன்று பேர், நான். மணிரத்னத்துக்கு இனிமேல் காதல் வராது என்று முடிவானது இங்கேதான். ஷங்கர் ஓய்வெடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியதும் இங்கேதான். வாத்தியார் நட்சத்திரம் போடமாட்டார். பரீட்சைப் பேப்பர் திருத்திய கை, நூற்றுக்குத்தான் போடும். மாப்பிள்ளையோ நகைக்கடைத் தராசு. "ரெண்டே முக்கால் மாமா, அதுக்கு மேல ஒரு குந்துமணி தரமுடியாது" என்பான். இங்கே காலை 9 மணிக் காட்சிக்கு டிக்கெட் கிழிப்பதற்குள் கேரளாவில் விடியற்காலைக் காட்சியே முடிந்து 'கேரளா ரிப்போர்ட்' வந்துவிடும். ஏஜென்ட் அண்ணனுக்கு அது பெரிய வசதி. படம் பார்க்கிற தொல்லையே இல்லாமல் படத்தைப் பற்றிப் பேசலாம்.

இந்த ஊருக்கு இது ரத்தத்தில் ஊறியது. பி.யு. சின்னப்பா பிறந்த மண். 1916இல் பிறந்து 1951இல் போய்ச் சேர்ந்தவர். அவர் ரசிகர்களும் தியாகராஜ பாகவதர் ரசிகர்களும் முட்டிக்கொண்ட கதைகளைத் தாத்தாக்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார்கள். சின்னப்பா ஊரில் வீடு வீடாக வாங்கிக்கொண்டே போக, இனி விற்கக்கூடாதென்று மகாராஜாவே தடை போட்டார் என்றும் ஒரு கதை. அந்த நாளில் விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி படங்களைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில் விகடன் மார்க் போட ஆரம்பித்தது. 1977இல் '16 வயதினிலே'வுக்கு விழுந்தது நூற்றுக்கு 62.5. அதையே பெரிய மார்க் என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் கையிறுக்கம். நாங்கள் அப்படியில்லை.

நாங்கள் கொடுத்தது பத்துக்கு 9.6.

2021 நவம்பர் 2 அன்று 'ஜெய் பீம்' அமேசானில் வந்தது. அதே மாதம் ஐஎம்டிபி தளத்தில் அதன் மதிப்பீடு 9.6. 'தி ஷாஷங்க் ரிடெம்ப்ஷன்' 9.3ஐ வைத்துக்கொண்டு பல வருஷமாக உச்சியில் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டோம். யார் போட்டது? நாம்தான். கைபேசி வைத்திருந்த தமிழர்கள் எல்லோரும். நானும் பையனிடம் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டவன்தான். சாதியைச் சொல்லித் திருட்டுப் பட்டம் கட்டி, காவல் நிலையத்துக்குள் அடித்தே கொன்ற கதை அது. படத்தில் இருளர், நிஜத்தில் குறவர். 1993இல் விருத்தாசலம் பக்கத்தில் நடந்தது. வழக்கை நடத்தியவர் அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. பெஞ்சே அழுதது. மாப்பிள்ளைகூட அன்றைக்குத் தராசைக் கீழே வைத்தான். "சாதி வெறி புடிச்ச நாய்ங்கள நிக்க வச்சுச் சுடணும் மாமா" என்றான்.

அழுகை எத்தனை நாள் நின்றது? நாலைந்து நாள். அப்புறம் சுவரில் தொங்கிய நாட்காட்டி வந்துவிட்டது. ஒரு காட்சியில் வில்லன் வீட்டுக் காலண்டரில் அக்கினிக் கலசம் இருந்ததாம். அது எந்தச் சாதியைக் குறிக்கிறது என்று தமிழ்நாடு முழுக்கப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. காலண்டரை மாற்றினார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். ஐந்து கோடி கேட்டு நோட்டீஸ் போனது. படத்தின் நாயகன் சூர்யா வீட்டுக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். ஒரு மனுஷனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பதை இமைக்காமல் பார்த்த சமூகம், சுவரில் தொங்கிய காகிதத்தைப் பார்த்துப் பதறியது. எங்கள் பெஞ்சும் இரண்டாகப் பிரிந்தது. இயக்குநர் வேண்டுமென்றே வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று ஒரு வாரம் ஓடியது. செத்தவனை அப்போதே எடுத்து அடக்கம் செய்துவிட்டோம்.

பதின்மூன்று மாதமும் 24 நாளும் கழிந்தன.

2022 டிசம்பர் 26. அன்னவாசல் ஒன்றியம், இறையூர் வேங்கைவயல். பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. தண்ணீரைப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தலித் மக்களுக்கான மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தால், உள்ளே மனித மலம். அதைத்தான் குடித்திருக்கிறார்கள். அதில்தான் சோறு பொங்கியிருக்கிறார்கள். எங்கள் பெஞ்சிலிருந்து கிளம்பினால், தியேட்டரில் இடைவேளை விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவு பக்கம். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. அந்த வாரமும் ஏதோ ஒரு படம் பார்த்தோம்.

மறுநாள் ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் ஊருக்குள் போனார்கள். டீக்கடையில் சாதிக்கு ஒரு டம்ளர் என்று தெரிந்தது, கடைக்காரர்மீது வழக்கு. அய்யனார் கோயிலுக்குள் விடுவதில்லை என்று மக்கள் சொன்னார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு ஆட்சியரே கோயிலுக்குள் நுழைந்தார். சாமியாடிய பெண் ஒருவர் அந்த மக்களை இழிவாகப் பேச, அவர்மீதும் வழக்கு. செய்தியைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் சொன்னான்: "மாஸ் சீன்ணே. பின்னாடி ஒரு பிஜிஎம் மட்டும் போட்டா தெறிச்சிரும்."

வில்லன் யாரென்று இடைவேளைக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிற ஆட்கள் இவர்கள். சரித்திரப் படத்தில் பின்வரிசைச் சிப்பாய் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைக் கண்டுபிடித்த மாப்பிள்ளை இருக்கிறான். அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஒரே நாளில் நிதானம் வந்துவிட்டது. "அவசரப்படக் கூடாது." "ரெண்டு பக்கமும் விசாரிக்கணும்." "விசாரணையில இருக்குல்ல, நாம பேசக் கூடாதுண்ணே." எங்கள் பெஞ்சில் நாங்கள் பேசக்கூடாத விஷயம் ஒன்று உலகத்தில் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதுகாப்புத் துறை, கிரிக்கெட் தேர்வுக்குழு, நடிகையின் விவாகரத்து எல்லாவற்றிலும் கருத்துச் சொன்ன வாத்தியார் டீயை ஆற்றிக்கொண்டே, "இதுல அரசியல் இருக்கு தம்பி" என்று முடித்துக்கொண்டார். சரிதான். எதில் நமக்குக் கருத்து இருக்கக்கூடாது என்று சொல்லித்தருவதுதானே இங்கே முதல் பாடம்.

மூன்று மாதம் கழித்து, 2023 மார்ச் 30. சென்னை கோயம்பேட்டில் 'பத்து தல' படத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். வீடியோ ஊரெல்லாம் பரவிய பிறகு, படத்துக்கு யு/ஏ சான்றிதழ், கூட வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் என்று தியேட்டரிலிருந்து விளக்கம் வந்தது. கைக்குழந்தையோடு வெட்டுக்குத்துப் படம் பார்க்கிற நாட்டில் சட்டம் அன்றைக்கு அந்த வாசலில் மட்டும் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நட்சத்திரம் போடுகிற நாங்கள் இதற்கு என்ன போட்டோம்? "படம் எப்படியாம்?" என்று கேட்டோம்.

அந்த ஜூனில் 'மாமன்னன்' வந்தது. பெஞ்ச் கூடியது. ஏஜென்ட் அண்ணன் கொட்டாவி விட்டார். "மேக்கிங் நல்லாருக்கு. ஆனா எப்பப் பாத்தாலும் சாதி, சாதி. இப்பல்லாம் யாருண்ணே சாதி பாக்குறா? ஒரே கதையவே திரும்பத் திரும்ப எடுக்குறான்." வேங்கைவயல் நடந்து அப்போது ஆறு மாதம். எடுக்கிறவனுக்குக் கதைப்பஞ்சம் வராமல் பார்த்துக்கொள்கிறோம் நாம். அப்புறம் அவன் ஒரே கதையை எடுக்கிறான் என்று நாமே கால் நட்சத்திரம் குறைக்கிறோம். சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன அண்ணன் அந்த மாதம்தான் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். சாதி மட்டும் போதாது, உட்பிரிவும் பொருந்த வேண்டும் என்று புரோக்கரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பார்வையாளன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வந்தது. காது கிழிகிறது என்று கத்தினோம். இரண்டு மூன்று நாளில், சத்தத்தை 2 புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களுக்குத் தயாரிப்பாளர் தகவல் சொன்னார். நீளம் என்றோம். 12 நிமிடத்தை வெட்டினார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால் 'இந்தியன் 2'வுக்கும் அதே 12 நிமிடம்தான். தயாரிப்பாளர்கள் பயந்துபோய் உயர் நீதிமன்றத்துக்கே ஓடினார்கள். படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாதென்று தடை கேட்டார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. கோடிகளைப் போட்டவன் நம் வாய்க்கு நடுங்குகிறான். பெஞ்சில் அன்றைக்கு முட்டை மாஸ் வரவழைத்துக் கொண்டாடினோம். கருத்துச் சுதந்திரம் பிழைத்துவிட்டது!

ஒரு வாரத்தில் 12 நிமிடத்தை வெட்டவைத்த வாய் இது. ஸ்பீக்கரைத் திருகவைத்த வாய் இது. வேங்கைவயலுக்கு இந்த வாய் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது. வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. டி.என்.ஏ. சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் போட்டார்கள். ஒரு வருஷம் போனது. இன்னொரு வருஷமும் போனது. செகண்ட் ஹாஃப் லேக் என்று ஒருத்தன் சொல்லவில்லை.

2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூன்று பேரும் வேங்கைவயலின் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளி ஆக்குகிறீர்களா என்று மக்கள் கொதித்தார்கள். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். குற்றப்பத்திரிகை என்பது போலீஸ் சொல்கிற கதை. அது உண்மையா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். இது எங்கள் வாத்தியாருக்குத் தெரியாததா? ஆனால் அன்றைக்குப் பெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக "விசாரணையில இருக்கு" என்று வாயைக் கட்டியிருந்தவர்கள் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "பாத்தியளா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் ஏஜென்ட் அண்ணன். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்போது அவர் நடிகையின் விவாகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஊர்மேல் இருந்த பாரத்தை யாரோ இறக்கி, அது எங்கே கிடந்ததோ அங்கேயே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்ட நிம்மதி.

போன வாரம் கல்லூரிப் பையன் ஒருத்தன்தான் ஆரம்பித்தான். "அண்ணே, வேங்கைவயலப் படமா எடுத்தா எப்படியிருக்கும்?"

பெஞ்சுக்கு உயிர் வந்தது. எல்லோரும் பேசினோம். ஆட்சியராக யார் நடிப்பது என்பதில் மட்டும் அரைமணி நேரம். தொட்டியில் ஏறுகிற காட்சியை ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும், மேலே போகப் போகச் சத்தத்தைக் குறைத்து மூடியைத் திறக்கும்போது முழு அமைதி என்றான் மாப்பிள்ளை. பாட்டே வேண்டாம், வேண்டுமானால் ஒரு ஒப்பாரி என்றார் வாத்தியார். "நேஷனல் அவார்டு நிச்சயம் சார்" என்றான் பையன். கிளைமாக்ஸில்தான் இடித்தது. "குற்றப்பத்திரிகைல வர்ற ட்விஸ்ட் செட்டாகாதுண்ணே, ஆடியன்ஸ் ஏத்துக்கமாட்டான். படத்துக்கு வேற வில்லன் வேணும்." ஏஜென்ட் அண்ணன் முகம் சுளித்தார். "யாரப் போட்டாலும் பேரு மட்டும் வைக்காத. காலண்டரும் வைக்காத." எல்லோரும் சிரித்தோம். எடுக்காத படத்துக்கு 9.6 என்று முடிவாயிற்று.

அதுவரை பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் பேப்பர் கப்புகளை நீட்டிக்கொண்டே கேட்டார். "படத்துல டீக்கடை சீன் இருக்கும்ல?"

"இருக்கும்ணே. அதானே மெயினு."

"அப்ப நம்ம கடையிலயே எடுக்கச் சொல்லுங்க தம்பி. எங்கப்பா காலத்து டம்ளரு, ரெண்டு வகையும் பரண்மேலதான் கெடக்கு. வெளக்கித் தர்றேன்."

"ஆர்ட் டைரக்டர் செலவு மிச்சம்ணே" என்றான் மாப்பிள்ளை, கப்பை வாங்கிக்கொண்டே.