முகூர்த்தம்

ஜாதி பேதமின்றி நூறு குடும்பங்கள் கூடி வசிக்கவும், இளைஞர் வாசிக்கவும் விளையாடவும் நூலகமும் திடலும் ஸித்திக்கவும் 1997-இல் உதயமான சமத்துவபுரத் திட்டத்தின்கீழ், விழுப்புரம் ஜில்லா கொழுவாரியில் எழும்பிய வீடுகள், 2011-இல் ராஜ்யபாரம் கைமாறியதும் கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் அகப்படாமல் ஏறத்தாழ ஒரு தசாப்தம் தவமியற்றி, 2022 ஏப்ரல் 5-ஆம் தேதிதான் திறப்புவிழாக் கண்டன. பந்தாடக் காத்திருந்த பையன் இதற்கிடையில் மாப்பிள்ளையாகிவிட்டானென்றால், அது திட்டத்தின் குற்றமன்று. அவசரப்பட்டு வளர்ந்தது அவன் பிழை. ஆகவே, திண்டிவனத்துப் பக்கம் ஏழைத் தெருவொன்றுக்குச் சமுதாயக் கூடம் வேண்டி மனு எழுதும் அன்பர்களுக்கு அடியேனின் யோசனை: திறப்புவிழாக் கல்வெட்டில் பெயருக்குரிய இடத்தை மட்டும் கரும்பலகையாக வைத்துவிடுங்கள், சாக்பீஸ் செலவைச் சர்க்கார் ஏற்றுக்கொள்ளட்டும்.