ஃபோர்வீல் அண்ணன்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஸ்கூடாய், மாசாய், உலு திராம், கூலாய், குளுவாங் முதலிய ஊர்களின் தாமான்களில், அதாவது ஒரே அச்சில் வார்த்த தொடர்வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் குடியிருப்புகளில் வாழும் தமிழர்களுள், ‘ஃபோர்வீல் அண்ணன்’ என்று அக்கம்பக்கத்தாரால் அழைக்கப்படும் ஒரு வகையினர் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியை வைத்திருப்போர் எல்லாரும் இவ்வகையில் அடங்கிவிட மாட்டார்கள். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் சிறுதோட்டக்காரரும், மழையில் கரைந்த செம்மண் பாதை வழியே ஆட்களை வேலைக்கு இறக்கிவிடும் குத்தகைக்காரரும் அத்தகைய வண்டியை அன்றாடம் ஓட்டுகிறார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசுவதுமில்லை, அதை அடிக்கடி கழுவுவதுமில்லை. பேச்சும் கழுவலும் மிகுந்து ஓட்டம் அருகியிருப்பதே ஃபோர்வீல் அண்ணனின் முதன்மையான இலக்கணம்.

இவர் நாற்பதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவராகவோ, அங்கே பிறந்தவருக்கு மகனாகவோ இருப்பார். மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறேறும் மண்சாலையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்த கதையை இவருடைய தந்தையார் இன்றும் சொல்வதுண்டு. அந்தச் சாலையை விட்டுப் பிள்ளைகள் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அவர் ரப்பர்ப் பால்மரம் வெட்டினார், மிகைநேரம் பார்த்தார், சீட்டுப் பிடித்தார். தந்தை எந்தச் சேற்றிலிருந்து தப்பிக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டாரோ, அதே சேற்றுக்குத் திரும்பிப் போகும் உரிமைக்காக மகன் வங்கிக்கு ஒன்பது ஆண்டுத் தவணை கட்டுகிறார். குடும்ப வரலாற்றின் இந்த வளைவைத் தந்தையார் மட்டும் இன்னும் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் காலமே இவர் வாழ்வின் பொற்காலம் எனலாம். மாமாக் கடையில் தே தாரிக் தேநீர் ஆடை கட்டிக் குளிரும்வரை டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிசி டிரைட்டன், ஃபோர்டு ரேஞ்சர் ஆகிய நான்கும் மேசைமேல் மாறி மாறி ஏற்றி இறக்கப்படும். இவை யாவும் முன்னே இரண்டு வரிசை இருக்கையும் பின்னே திறந்த சுமைத்தொட்டியும் கொண்டவை. ஏறத்தாழ ஒரு டன் சுமக்கக் கட்டப்பட்டவை. உடலும் அடித்தளமும் ஒரே கூடாக வார்க்கப்படும் சாதாரணக் காரைப் போலன்றி, ஏணி வடிவிலான கனத்த எஃகுச் சட்டகத்தின்மேல் உடற்பகுதியைத் தனியே பொருத்தும் முறையில் இவை அமைவதால், ஒரு சக்கரம் குழியிலும் மறு சக்கரம் மேட்டிலும் நிற்கும் நிலையின் முறுக்கத்தைச் சட்டகமே வாங்கிக்கொள்கிறது. பின்புறத்தில் சுமையைத் தாங்க இலைவில் அடுக்கு வைக்கப்பட்டிருக்கும். தொட்டி காலியாக இருக்கும்போது அந்த இலைவில் வளையாது. தாமானின் வேகத்தடைகளில் அண்ணனின் மாமியார் பின்னிருக்கையிலிருந்து எழும்பி எழும்பி அமர்வதற்குக் காரணம் இதுவே. வண்டிக்கு அரை டன் சுமை ஏற்றினால் அம்மையாருக்கு வசதியாக இருக்கும் என்று பொறியியல் கூறுகிறது.

தேர்வின் உயிர்நாடி ‘லோ’ எனப்படும் தாழ்விசைப் பல்லிணையில் இருக்கிறது. விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கிடும் பெட்டிக்குள் இரண்டாவதாக ஒரு பல்லிணை அமைந்து, வேகத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து இழுவிசையை அந்த அளவுக்குப் பெருக்கித் தருகிறது. வழுக்கும் ஏற்றத்திலும் செங்குத்தான இறக்கத்திலும் பிரேக்கை நம்பாமல் நத்தையாக ஊர்வதற்கு இது இன்றியமையாதது. “லோ இல்லாத வண்டி வண்டியே இல்ல தம்பி” என்பது அண்ணனின் நிலையான தீர்ப்பு. அதை இயக்கும் திருகியை இவராக விரும்பித் திருப்பியது விற்பனைக் கூடத்து வாசலில்தான். அப்போது விற்பனையாளர் பதறி ஓடிவந்ததற்கும் தக்க காரணம் உண்டு: நடுவில் வேறுபாட்டுப் பல்லிணை இல்லாத இத்தகைய வண்டிகளில் முன்னச்சும் பின்னச்சும் பிணைந்தபின் காய்ந்த தார்ச்சாலையில் திரும்பினால், முன்சக்கரங்கள் கடக்கும் தொலைவும் பின்சக்கரங்கள் கடக்கும் தொலைவும் வேறுபடுவதால், சேற்றிலாவது வழுக்கித் தீர்ந்துவிடும் அந்த வேறுபாடு தாரில் தீர வழியின்றி இயந்திரப் பாகங்களையே முறுக்கத் தொடங்கும். சேறு இருந்தால்தான் வேலைசெய்யும் ஒரு கருவிக்காகப் பணம் கொடுத்துவிட்டு, சேறு பட்டால் வண்ணம் கெடும் என்று அஞ்சி வாழ்வது எளிய வாழ்க்கையன்று.

2024 சூன் 10 ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே இரவில் உயர்ந்தபோது இந்த வகையினரிடையே சிறு நிலநடுக்கம் உண்டாயிற்று. தகுதியுடைய டீசல் வண்டிக்காரர்களுக்கு அரசு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தது. ஓடாத வண்டிக்கு அது ஏறத்தாழ முழு லாபம் என்பதை அண்ணியார் ஒருவரே கணக்கிட்டுச் சொன்னார்.

இவ்வகையினருள் ‘சிறியதே அழகு’ என்று வாதிடும் ஓர் உட்பிரிவும் உண்டு. 1998-இல் பெரோடுவா நிறுவனம் டைஹாட்சு டெரியோசை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட கெம்பாரா, 1.3 லிட்டர் இயந்திரமே கொண்டிருந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செலுத்தியது. குறைந்த விலையில் இளைஞர்களைத் தோட்டச் சாலைகளுக்குள் இட்டுச்சென்ற பெருமை அதற்கு உண்டு. 2018-இல் புது வடிவம் பெற்ற சுசுகி ஜிம்னி இன்று அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. ஏணிச் சட்டகம், தாழ்விசைப் பல்லிணை, மூன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம் என்று காட்டுக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. நான்கு பேர் ஏறிக்கொண்டால் எஞ்சும் சாமான் இடத்தில் ஓர் அரிசி மூட்டையும் ஒரு குடையும் வைக்கலாம். நால்வருடன் கூடாரமும் சமையல் பாத்திரமும் புறப்பட வேண்டுமானால், நால்வரில் இருவரை வீட்டில் விட வேண்டும். எவரை விடுவது என்ற வினா எழுந்த குடும்பங்களில் ஜிம்னிப் பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது.

இறுதியில் பெரிய வண்டியே வென்று வீட்டுக்கு வருகிறது; வந்தபின்தான் போர்ச்சை அளந்திருக்கலாமே என்ற எண்ணம் பிறக்கிறது. போர்ச் என்பது தொடர்வீட்டின் வாசலுக்கும் இரும்புக் கதவுக்கும் இடைப்பட்ட கூரையிட்ட பகுதி. ஹைலக்ஸ் ஐந்தேகால் மீட்டருக்கும் கூடுதல் நீளமுடையது. துளசி மாடத்தையும் செருப்பு அலமாரியையும் இடம்பெயர்த்த பிறகும் இரும்புக் கதவு ஒரு சாண் அளவு மூடாமல் நிற்கும். அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுப் பூனை போய்வருகிறது. மாதம் எண்ணூறு வெள்ளிக்கு மேல் தவணை கட்டுபவருக்கு அதைத் தடுக்க வழியில்லை.

அடுத்து வருவது அணிகலன் பருவம். கூரைக் கூடாரம், பக்கவாட்டுப் பந்தல், கையடக்கக் குளிர்பெட்டி, மண்ணெடுக்கும் மடக்கு மண்வாரி, புதையுண்ட வண்டியை மரத்தில் கம்பி கட்டி இழுக்கும் மின்சுழலி, இயந்திரம் நீரைக் குடித்துவிடாமல் கூரையளவு உயரத்திலிருந்து காற்றை உறிஞ்சும் ‘ஸ்நார்க்கல்’ குழாய் என ஒவ்வொன்றாக வந்து சேரும். இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காத செய்தி அது. ஒரு டன் என்று சொல்லப்படும் சுமைத்திறன் தொட்டிக்கு மட்டும் உரியதன்று. ஓட்டுநர், மனைவி, மக்கள், மாமியார், முன்னே பூட்டிய எஃகுத் தடுப்பு, மின்சுழலி ஆகிய எல்லாவற்றின் எடையும் அதில் கழியும். கூரைக் கூடாரமோ தனியாகவே ஐம்பது முதல் எழுபது கிலோ எடையுள்ளது. ஓடும் வண்டியின் கூரை தாங்கக்கூடிய அளவு, நிற்கும் வண்டியின் கூரை தாங்கும் அளவைக் காட்டிலும் மிகக் குறைவு என்பதும், உச்சியில் எடை கூடக்கூட வளைவுகளில் வண்டி சாயும் என்பதும் கையேட்டில் எழுதப்பட்டவை. கையேடு உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வண்டியின் உயரத்தைக் கூட்டும் மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையாகிய ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் வேண்டும் என்பது சாலைவரி புதுப்பிக்கும் வாரத்தில் மட்டும் அண்ணனின் நினைவுக்கு வரும்.

வார நாள்களில் இவ்வளவு படைக்கலங்களும் போர்ச்சிலேயே ஓய்வெடுக்கின்றன. அண்ணனுக்கு வேலை சிங்கப்பூரில். தவணை கட்டத் தெம்பு தருவதே அங்கே கிடைக்கும் டாலர்தான். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தை விடியுமுன் கடக்கும் மோட்டார்சைக்கிள் வெள்ளத்தில், மழையங்கியைப் பின்புறம் முன்புறமாக மாட்டிக்கொண்டு, ‘கப்சாய்’ எனப்படும் சிறு மோட்டார்சைக்கிளில் இவரும் ஒருவராக நகர்கிறார். இதே கப்சாயில்தான் இவருடைய தந்தையார் இருபுறமும் பால் தோம்புகளைக் கட்டிக்கொண்டு, எந்த ஹைலக்ஸும் நுழைய முடியாத பால்மர வரிசைகளுக்கிடையே ஆண்டுக்கணக்கில் போய்வந்தார். அதற்குத் தாழ்விசைப் பல்லிணை இருந்ததில்லை. புதைந்தால் இரண்டு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள்.

செல்ல இடமில்லை என்று ஜொகூரைக் குறைகூற முடியாது. பகாங் எல்லையில் சுமார் 870 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா, 1985–86-இல் மலேசிய இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணத்தால் உலகறியப்பட்ட பழங்காடு. அதன் பேத்தா வாயிலுக்குச் செல்ல, குளுவாங்–மெர்சிங் சாலையிலுள்ள காஹாங்கிலிருந்து செம்பனைத் தோட்டங்களின் ஊடாக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். ஜாக்குன் பழங்குடியினரின் கம்போங் பேத்தா அந்தப் பாதையின் முடிவில் இருக்கிறது. அண்ணனின் வண்டி படைக்கப்பட்டதே இப்பாதைக்குத்தான் என்றால் மிகையாகாது. எனினும் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பூங்கா மூடப்படுகிறது. திறக்கும்போது பிள்ளைகளுக்குத் தேர்வு. தேர்வு முடிந்தால் உறவில் ஒரு திருமணம். பிறகு மீண்டும் நவம்பர். அதே மழைக்காலத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து 1997 முதல் மலேசியக் காடுகளில் ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ என்னும் சேற்றுவண்டிப் போட்டி நடந்துவந்திருக்கிறது என்ற செய்தியை அண்ணனே அனைவருக்கும் சொல்வார், மழை என்று பயணத்தை ஒத்திவைத்த அதே மாலையில்.

தப்பித்தவறிப் புறப்பட்டாலும் போய்ச் சேருமிடம் கோத்தா திங்கி அருவிப் பக்கமாகவோ, மெர்சிங் கடற்கரை ஓரமாகவோ, கழிப்பறையும் மின்சாரமும் உள்ள டுரியான் தோட்ட முகாமாகவோ அமையும். அங்கே இவருக்கு முன்பே ஐந்து மைவிக் கார்கள் வந்து நிற்கும். முன்சக்கரங்களுக்கு மட்டுமே விசையுள்ள அச்சிறு கார்களிலிருந்து இறங்கிய குடும்பங்கள் பாய் விரித்து மீ கோரேங் தின்று முடிக்கும் தறுவாயில், அண்ணன் கூரைக் கூடாரத்தின் மூன்றாவது கொக்கியைத் தேடிக்கொண்டிருப்பார்.

வெள்ளம் வந்தால் இவ்வண்டியின் பெருமை வெளிப்படும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பகுதிகளும், 2023 மார்ச்சில் மீண்டும் சிகாமட், பத்து பஹாட் வட்டாரங்களும் மூழ்கியதை ஜொகூர்வாசிகள் மறக்கவில்லை. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர், ரேஞ்சர் 800 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கவல்லவை என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். வாய்க்கால் நிரம்பத் தொடங்கியதுமே அண்ணன் அந்த வண்டியைத் தாமானிலேயே மேடான இடத்தில், ஸ்நார்க்கலுடன், பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, கைலியை மடித்துக்கட்டி முழங்கால் நீரில் நடந்து வீடு திரும்புகிறார். வட்டாரத்தில் உணவுப் பொட்டலம் கொண்டுவந்தது தோட்டத்து டிராக்டர்.

இவ்வளவும் சொல்லியபின் நடுநிலையோடு சொல்ல வேண்டியது ஒன்று மிஞ்சுகிறது. ஆடி மாதத்தில், ஆளெல்லாம் வெளியேறிவிட்ட பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுத் திருவிழா நடக்கும்போது, அன்னதானத்துக்கு அண்டா, கேஸ் தோம்பு, அரிசி மூட்டை, வாழைத்தார், நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி ஆகிய அனைத்தும் நகரத்திலிருந்து செம்பனைக்குள் போக வேண்டியிருக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ்கட்டிப் பெட்டிகள் போக வேண்டியிருக்கிறது. தாமானில் எவர் வீடு மாறினாலும் கட்டிலும் குளிர்பெட்டியும் போக வேண்டியிருக்கிறது. கோயில் தலைவர் தொலைபேசியில், “தம்பி, வண்டி சும்மாதானே நிக்குது?” என்று கேட்பார். அண்ணன் மனம் நொந்து, தொட்டியில் பழம்பாய் விரித்து, “கோடு விழாம ஏத்துங்கடா” என்று இளைஞர்களை அதட்டியபடி புறப்படுவார். மழை பெய்து செம்மண் கரைந்திருந்தால் அன்றுதான் அந்தத் திருகி ‘லோ’வுக்குத் திரும்புகிறது. அரை டன் ஏறியதால் இலைவில்லும் அன்று முதன்முறையாக வளைகிறது; முன்னிருக்கையில் மடியில் பூத்தட்டுடன் அமர்ந்திருக்கும் மாமியாரும் குலுங்காமல் போய்ச் சேருகிறார். முகாமுக்கும் மலைக்கும் என்று வாங்கிய வண்டி, நாற்காலி ஏற்றுவதற்கே மிகச் சிறந்தது என்பதில் இழுக்கு ஏதுமில்லை. அண்ணன் மட்டும் அதைத் தம் வண்டியின் வரலாற்றில் சேர்ப்பதில்லை.

ஆகவே புதிதாக இவ்வகையில் சேர விரும்புவோர், விற்பனைக் கூடத்துக்குப் போகுமுன் போர்ச்சை அளப்பதும், வண்டியில் ஏறப்போகும் ஆட்களையும் சாமானையும் உள்ளபடி நிறுத்துக் கூட்டுவதும் நலம். எண்டாவ்-ரொம்பினைக் காண்பதே நோக்கமாக இருந்தால், காஹாங்கிலிருந்து பேத்தாவுக்கு அழைத்துச் செல்ல வழி தெரிந்த ஓட்டுநர்களும், சேறு பட்டால் வருந்தாத வண்டிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மைவியைக் காஹாங்கில் நிறுத்திவிட்டு அவற்றில் ஒன்றில் ஏறிக்கொள்ளலாம்.