பூமத்திய ரேகைக்கு ஒரு ஸ்வெட்டர்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டதா? முதல் வேலையாகக் கைப்பேசியில் அந்த ஊர் வானிலையைப் பாருங்கள். 32 டிகிரி என்று காட்டும். அதே நேரம் உங்கள் அம்பத்தூர் வீட்டு வாசலில் 40. உடனே மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரிதான். 1983-இல் ஒரு முறை, 2023-இல் ஒரு முறை. நமக்கு அது சித்திரை மாதத்தில் வருகிற ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. “கொடைக்கானல் மாதிரி இருக்கும்போல” என்று யாராவது சொல்லியே தீருவார்கள். சொல்லட்டும். குடும்பச் சுற்றுலா இப்படி ஒரு தப்புக் கணக்கில்தான் தொடங்க வேண்டும்; சரியாகக் கணக்குப் போடுகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அந்த 32-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஈரப்பதம் என்று இன்னொரு எண் இருக்கும். விடிகாலையில் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அதைப் பார்க்க வேண்டாம். பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற தீவு அது. அங்கே வியர்வை வரும், உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும் என்பதை உங்கள் ஆறு வயது மகன் இன்னும் பள்ளியில் படிக்கவில்லை. செராங்கூன் சாலையில் பத்து நிமிடம் நடந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்போது செய்முறையாகவே படித்துக்கொள்வான்.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது ஸ்வெட்டர். பூமத்திய ரேகைக்கு ஸ்வெட்டரா என்று மாமியார் சிரிப்பார். சிங்கப்பூரை உருவாக்கிய லீ குவான் யூ, தாம் பிரதமரானதும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அரசு அலுவலகங்களுக்கு ஏசி போட்டது என்று சொன்னவர். அந்தக் கொள்கையில் அந்த ஊர் இன்றுவரை வழுவவில்லை. ரயிலில் குளிர், கடையில் குளிர், சுரங்க நடைபாதையிலும் குளிர். நனைந்த சட்டையோடு உள்ளே போகிற பிள்ளை ஐந்தாவது நிமிடம் தும்மும். ஆகவே நீங்கள் போவது ஒரு ஊருக்கல்ல. தெருவில் ஒன்று, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு தட்பவெப்பங்களுக்கு. ஸ்வெட்டர்களை எண்ணும்போது மாமியாருக்கும் சேர்த்து எண்ணுங்கள். முதல் கடைவளாகத்திலேயே பேத்தியின் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கப்போவது அவர்தான்.

காகித வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசா முகவர் வழியாக வரும். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்டால் நீங்கள் வேறு எங்கோ நுழைந்துவிட்டீர்கள். நம் ஊர் உருண்டைக் கால் சார்ஜர் அங்கே சுவரில் நுழையாது, பட்டைக் கால் மூன்று உள்ள அடாப்டர் வேண்டும். இதை நான் சொல்லியும் மறப்பீர்கள்.

அடுத்தது அட்டவணை. இதைக் குடும்பத் தலைவர் இரவு பதினோரு மணிக்குமேல், யாரையும் கலந்தாலோசிக்காமல், எக்செல் தாளில் வண்ணமடித்துத் தயாரிக்க வேண்டும். காலை 8.30 மிருகக்காட்சிசாலை, திறக்கும்போதே நுழைவு. மதியம் 1.00 மெர்லயன் சிலை. 3.00 தாவரவியல் பூங்கா. இதிலுள்ள சிறப்பு, எல்லா இடங்களுக்கும் தப்பான நேரத்தைக் கண்டுபிடித்திருப்பதுதான். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. எட்டரை மணி மிருகக்காட்சிசாலை என்றால் உங்கள் மகளின் உடம்புக்கு அது காலை ஆறு மணி. அதற்கு முன்னால் குளித்து, சாப்பிட்டு, மாண்டாய் வரை பயணம் வேறு. ஒராங்குட்டான் அவளைப் பார்க்கும். அவள் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

கடிகாரத்தை மாற்றாமலே விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. நம் வீட்டில் எட்டரை மணிக்குத் தூங்குகிற பிள்ளை அங்கே இரவு பதினோரு மணிவரை விழித்திருக்கும். 1994-இல் திறந்த நைட் சஃபாரி, இரவு விலங்குகளுக்கென்றே அமைத்த உலகின் முதல் காட்சிசாலை. கதவு திறக்கிற ஏழேகால் மணி நம் பிள்ளைக்கு மாலை நாலே முக்கால். பள்ளிவிட்டு வந்து குதிக்கிற நேரம். கரையோரப் பூந்தோட்டத்தில் 25 முதல் 50 மீட்டர் உயரத்துக்கு இரும்பு மரங்கள் நிற்கின்றன, இரவு 7.45-க்கும் 8.45-க்கும் அவை பாட்டுக்கு ஏற்றபடி விளக்கு எரிந்து ஆடும், காசு கிடையாது. தரையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டிய காட்சி. பக்கத்தில் கொசு மருந்தும் இருக்கட்டும், டெங்கு அந்த ஊருக்கும் தெரிந்த நோய்தான். சூரியன் அங்கே வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டி எழுந்து ஏழு மணியை ஒட்டி மறைகிற அரசாங்க ஊழியர். எனவே வெளி வேலை எல்லாம் காலை பத்தரைக்குள், அல்லது மாலை நாலரைக்குமேல். நடுவிலே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். இதை அட்டவணையில் எழுதினால் தாள் பாதி காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைக் காசு வீணாகிறதென்று யாரும் நிரப்பாமல் காவல் காப்பதுதான் தலைவரின் உண்மையான கடமை.

முதல் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பங்கள் உடைவது அன்றைக்குத்தான். சென்னையிலிருந்து நள்ளிரவையொட்டிக் கிளம்பும் விமானத்தைத்தான் எடுப்பீர்கள். “ராத்திரி பசங்க தூங்கிடும், ஒரு நாள் ஹோட்டல் வாடகையும் மிச்சம்.” பயணம் நாலு மணி நேரம் சொச்சம். அதில் முதல் ஒரு மணி நேரம் சீட் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதும். பிறகு சாப்பாடு. தூக்கம் சொக்கி வருகிறபோது, பெல்ட்டை மாட்டுங்கள், தரையிறங்கப் போகிறோம் என்பார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அங்கே காலை ஆறரை. ஹோட்டல் அறை மதியம் மூன்று மணிக்கு.

இந்த எட்டரை மணி நேரத்தை என்ன செய்வது? ஜுவல் இருக்கிறது, 40 மீட்டர் உயர அருவி, கட்டடத்துக்குள் விழுவதில் உலகிலேயே உயரமானது என்று ஏற்கெனவே காணொளி பார்த்து வைத்திருப்பீர்கள். 2019-இல் திறந்த அந்தக் கண்ணாடிக் கூடம் முதலாம் முனையத்தை ஒட்டியே இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் இல்லை. பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடிப்போய் நின்றால் அருவி இருக்காது. காலை பத்து, பதினோரு மணிக்குத்தான் திறந்துவிடுவார்கள். உலகிலேயே உயரமான உள்ளரங்க அருவி இல்லாத ஓட்டையின் முன்னால் நின்று குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் அப்போது ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா என்று மட்டும் பார்ப்பார். பகல் விமானத்துக்குக் கூட ஆகிற தொகையையும் ஒரு நாள் வாடகையையும் இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். எக்செல் தாளில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

நகருக்குள் போவது எளிது, உங்கள் பிள்ளையின் உயரம் தெரிந்திருந்தால். அந்த ஊரில் வயதை யாரும் நம்புவதில்லை, அளவுகோலைத்தான் நம்புவார்கள். 90 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடு பஸ்ஸிலும் ரயிலிலும் இலவசம். 1.35 மீட்டருக்குக் கீழே என்றால், செயலியில் அழைக்கும் தனியார் காரில் குழந்தை இருக்கை இல்லாமல் ஏற்றமாட்டார்கள். கூரையில் பெயர்ப்பலகை வைத்த டாக்சிக்கு இந்த விதி இல்லை. யுனிவர்சல் ஸ்டுடியோவில் மம்மி ராட்டினத்துக்கு 122 சென்டிமீட்டர் வேண்டும். ரயில் நிலையத்தில் “குனிஞ்சு நட கண்ணு” என்று சொன்ன அதே தாய், அந்தக் கோட்டுக்குக் கீழே “நிமிர்ந்து நில்லுடா, ஹார்லிக்ஸ் எல்லாம் எங்கே போச்சு” என்பதைக் கேட்கலாம். டாக்சியில் நாலு பேருக்குமேல் ஏற்றமாட்டார்கள். நீங்கள் ஐந்து பேர். “நான் வேணா நடந்து வரேன் மாப்பிள்ளை” என்று மாமியார் சொல்வது பரிந்துரை அல்ல.

ரயிலில் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. 500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை அபராதம். தண்ணீருக்கும் இது பொருந்தும். மேடையில் நிற்கும்போது “தண்ணி வேணுமா?” என்று மூன்று முறை கேளுங்கள். வேண்டாம் என்பார்கள். கதவு மூடியதும் தாகம் வரும். சிங்கப்பூரிலும் விதிவிலக்கில்லை.

பஸ் வேறு விஷயம். மாடி பஸ்ஸில் ஏறி, மேல் தளத்தில் முன்வரிசைக் கண்ணாடியை ஒட்டி உட்காருங்கள். மரக்கிளைகள் முகத்தில் அடிப்பதுபோல் வந்து விலகும், ஏசி இருக்கும், கால் நோகாது. ஒன்றிரண்டு வெள்ளிக்கு அந்த நகரத்தில் இதைவிடப் பெரிய கேளிக்கை கிடையாது. எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறுங்கள். எதிர் நிறுத்தத்தில் திரும்பி ஏறினால் ஆயிற்று. பிள்ளைகளுக்குச் சுற்றுலாத் தலம், போகிற வழி என்ற பிரிவினை தெரியாது. நீட்டமான எஸ்கலேட்டர், தானாகத் திறக்கும் கதவு, ஹோட்டல் குளியல்தொட்டி ஆகிய மூன்றும் அவர்கள் பட்டியலில் மெர்லயனுக்கு மேலே இருக்கும். மெர்லயன் 8.6 மீட்டர்தான் என்பதையும், தண்ணீர் துப்புவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, முக்கியமாகப் பெரியவர்களுக்கு.

மழையைப் பற்றிக் குடைக்குமேல் ஏற்பாடு தேவையில்லை. வடகிழக்குப் பருவம், தென்மேற்குப் பருவம் என்றெல்லாம் அங்கும் பெயர்கள் உண்டு, ஆனால் மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. நம் விடுமுறை மாதங்களில் மதியத்துக்குமேல் இடியோடு கொட்டிவிட்டுப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இடி நெருங்கினால் வெளிப்புற ராட்டினங்களையும் நீச்சல்குளத்தையும் மூடுவார்கள். ஊழியரிடம் வாதாடாதீர்கள், மின்னல் அங்கே சர்வசாதாரணம். லிட்டில் இந்தியாவில் இருந்தால் பிழைத்தீர்கள். கடைவீடுகளின் முன்னால் தொடராக ஓடும் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதே, அது பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1822-இல் போட்ட நகரத் திட்டத்தின் விதி. இருநூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரருக்குத் தெரிந்தது, வெயிலும் மழையும் நமக்கே உரியவை என்று பெருமை பேசும் நம் ஊர் நடைபாதைகளுக்கு இன்னும் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர் என்கிற பொது உணவுக்கூடத்துக்குப் போங்கள். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது குப்பையல்ல, பட்டா. எடுத்து மூக்கைத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் சட்டமே அப்படி. வீட்டில் தட்டெடுக்க மறுக்கும் பிள்ளைகள் அங்கே போட்டி போட்டு எடுப்பார்கள். இதைக் காணொளி எடுத்து வையுங்கள், ஊரில் உதவும். மாமியார் ஒரு நாள் பொறுப்பார், மறுநாள் தயிர்சாதம் கேட்பார். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையைச் சுற்றிக் கிடைக்கும். வாழையிலையும் உண்டு. “இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை ரசம் வாங்குவார்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். 1859-இல் அமைந்தது, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிறுவர் துணையில்லாமல் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள். பயணம் முழுக்கப் பிள்ளைகளை நீங்கள் அழைத்துப் போகிறீர்கள் என்று நினைத்திருந்தீர்களே, இங்கே அவர்கள்தான் உங்களை அழைத்துப்போக வேண்டும். இந்த அதிகாரத்தைத் தெரிந்துகொண்டதும் மகள் ஒரு ஐஸ்கிரீம் கேட்பாள். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

கடைசி இரவு முஸ்தஃபா பேரங்காடி. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், அதுதான் ஆபத்து. பிள்ளைகளில் ஒருவர் தள்ளுவண்டியில் தூங்க, இன்னொருவர் பெட்டி அடுக்குகளுக்கு நடுவே காணாமல்போய்க் கண்டெடுக்கப்பட, நீங்கள் கோடாலித் தைலம் வாங்குவீர்கள். எத்தனை பாட்டில் என்பதைச் சென்னையிலேயே தீர்மானித்துக்கொண்டு போங்கள். பெரியப்பா வீட்டுக்கு இரண்டு, மூட்டுவலி இருப்பதால் மூன்று. எதிர்வீட்டு மாமிக்கு ஒன்று; அவருக்குக் கொடுத்தால் மேல்மாடிக்கும் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் யாருக்குத் தைலம், யாருக்குச் சாக்லேட் என்பது பதவி உயர்வு சம்பந்தப்பட்டது, மனைவியோடு தனியாகப் பேசி முடிவெடுங்கள். பாட்டில்களைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், ஸ்வெட்டர்களுக்கு நடுவே சுற்றி வையுங்கள். அப்படி வைத்ததும் பெட்டி எடை இரண்டு கிலோ கூடிவிட்டதை விமான நிலையத் தராசு காட்டும். அப்போது ஐந்து பேரும் ஆளுக்கொரு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கும்போது வெளியே 40 டிகிரி இருக்கும். வரவேற்க வந்திருக்கும் மச்சான் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன மாமா, குளிரா இருந்துச்சா அங்கே?” என்று கேட்பார்.