சுருக்கியல்: வாலாஜாபாத் வட்டாரக் கோடைக் கவுனை முன்வைத்து ஓர் ஆய்வுரை

சுருக்கியல் என்பது, தேவைக்கு மிஞ்சிய அகலமுள்ள துணியொன்றை வெட்டிக் குறைக்காமல், தேவையான அளவுக்குள் அடங்கி ஒடுங்கியிருக்கச் செய்யும் முறைகளை ஆராயும் துறையாகும். அதன் உட்பிரிவுகளுள் காலத்தால் இளையதும் கோடை விடுமுறையில் மட்டும் தழைப்பதுமான மீள்நூற் சுருக்கியலே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தையல் மிஷினின் ஊசியில் சாதாரண நூலும் பாபினில் மீள்நூலும் இட்டு, துணியின் மேற்பகுதியில் வரிவரியாகத் தைத்து, மார்பளவு தானாகச் சுருங்கி நிற்க, கீழ்ப்பகுதி விரிந்து விழும்படி செய்யப்படும் கவுனே இவ்வாய்வின் பொருள். மீள்நூல் என்பது இக்கட்டுரையின் கௌரவத்துக்காக ஆக்கப்பட்ட சொல். கடைத்தெருவில் அச்சொல்லைச் சொல்லிக் கேட்பவருக்கு வெறும் பார்வையும், எலாஸ்டிக் நூல் என்று கேட்பவருக்குச் சிறியதோர் உருளையும் கிடைக்கும் ஆதலால், இனி இக்கட்டுரையும் எலாஸ்டிக் நூல் என்றே சொல்லிச் செல்லும்.

ஆய்வுக்களம் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூரை, அதே பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டையோடு குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்; இது பாலாற்றின் வடகரையில், செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில், காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே உள்ளது. பட்டுக்குப் பேர்போன வட்டாரத்தில் எலாஸ்டிக் நூலை ஆராய்வது கோயில் வாசலில் நின்று கொட்டகையைப் பற்றிக் கேட்பது போன்றதன்றோ என்னும் ஆட்சேபம் எழக்கூடும். ஆனால் நூலைத் தளர விடாமல் இழுத்துக் கட்டுவதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட நிலத்தில்தான், இழுத்த நூல் திரும்பிச் சுருங்கினால் என்ன ஆகும் என்னும் கேள்விக்குப் பொருள் உண்டு. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஊடை என்பது அவற்றின் குறுக்கே பாயும் இழை. விடிந்தும் விடியாததுமாகத் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, ஓரிழை தொய்ந்தாலும் முகம் சுளிக்கும் நெசவாளருக்கு, தொய்வதும் சுருங்குவதுமே பிழைப்பாகக் கொண்ட நூலொன்று உலகில் உண்டு என்பது சமயவிரோதமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

முதலில் கல்வெட்டுச் சான்றுகளைப் பார்ப்பது முறை. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் வழியில் உள்ள பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, கோயிலோடு சேர்ந்த ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, 15 படுக்கைகளோடு இயங்கியதையும், வைத்தியர் முதலானோர் பெற்ற நெல்லையும், இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் சொல்கிறது. நோயாளியர் உடையின் மார்பளவு பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டும் எலாஸ்டிக் பற்றி நேரடியாக எதுவும் கூறவில்லை. எனினும் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதன் தகுதிப் பட்டியலில், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்கு நிற்கலாகாது என்றொரு விதி உண்டு. இவ்விதியை மிச்சத் துணி விஷயத்துக்கு நீட்டினால் தையற்காரர் எவரும் குடத்துக்குள் ஓலையாகப் போட்டியிட முடியாது. சுருக்குக் கவுனிலோ துணி முழு அகலத்தோடு உள்ளே போய்விடுகிறது. வெட்டு இல்லை, மிச்சம் இல்லை, கணக்கு கேட்பாரும் இல்லை. ஆகவே அக்கல்வெட்டின் உள்ளக்கிடக்கை இவ்வுடைக்குச் சாதகமானதே என்று கொள்ள இடமுண்டு.

இனி வகைப்பாடு. கொசுவம் என்பது சேலை உடுத்தும்போது விரலால் எடுத்து இடுப்பில் செருகப்படும் மடிப்புத் தொகுதி. காலையில் பிறந்து இரவில் மறையும் ஒருநாள் உயிரி. பள்ளிச் சீருடைப் பாவாடையின் மடிப்பு இஸ்திரிப் பெட்டியால் நிலைபெற்று, மழையால் அழிவது. டக்கு என்பது பட்டுப் பாவாடையின் கீழ்ப்புறம் கிடையாக மடித்துத் தைத்து, பெண் வளர வளரப் பிரித்துவிட வைத்திருக்கும் சேமிப்பு; பிரித்த இடத்தில் வெயில் படாத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரிவதால், எந்தத் தீபாவளிக்குள் எத்தனை விரற்கடை வளர்ந்தாள் என்பதற்கு மரத்தின் வளையம் போல அதுவே சான்றாகும். டக்கு உயரத்துக்கு மட்டுமே வழி செய்கிறது என்பதும், சுற்றளவில் வளரும் பிள்ளையை அது கைவிட்டுவிடுகிறது என்பதும் அதன் குறைகள். சுருக்கு இவற்றினின்று வேறானது. கொசுவமும் மடிப்பும் டக்கும் செய்யப்பட்டபடி கிடப்பவை. சுருக்கு ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பது. இலக்கண நோக்கில் ‘சுருங்குகவுன்’ என்பது ஊறுகாய் போல வினைத்தொகை. சுருங்கிய, சுருங்குகின்ற, சுருங்கும் என மூன்று காலமும் சொல்லுக்குள் மறைந்து நிற்க, எலாஸ்டிக் நூலும் துணியின் பின்புறம் மறைந்து நிற்பது தமிழ் இலக்கணத்துக்கும் தையற்கலைக்கும் உள்ள உறவை நிறுவப் போதுமானது.

இக்கவுனின் மூலம் எது என்னும் வினாவே இத்துறையில் மிகுதியாகச் சர்ச்சைக்கு உரியது. எலாஸ்டிக் நூலை மட்டும் பார்த்தால் விடை மேற்கில் கிடைக்கும். ரப்பரைக் கையுறை, தோள்பட்டை வார் முதலியவற்றில் பயன்படுத்த இங்கிலாந்தின் தாமஸ் ஹான்காக் 1820இல் காப்புரிமை பெற்றார். சூட்டில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்த அந்த ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி நிலைப்படுத்தும் முறைக்கு 1844இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றார். நடுவில் ரப்பர் இழையும் சுற்றிலும் பருத்தி நூலும் கொண்ட லாஸ்டெக்ஸ் 1930களின் தொடக்கத்தில் வந்தது. ரப்பருக்கு மாற்றான ஸ்பான்டெக்ஸை ட்யூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கினார். இவையெல்லாம் நூலின் வரலாறு. கவுனின் வரலாறு வேறு. அது பாட்டிமாரின் இடுப்பில் இருக்கிறது.

சுருக்குப் பை என்பது வாயைச் சுற்றிக் கயிறு கோத்த சிறு துணிப் பை. கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கி மூடும். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சில்லறை, மருமகளுக்குத் தெரியாத நூறு ரூபாய் நோட்டு ஆகியவை அதனுள் அடங்கும். இப்பையின் வாயைத் தலைகீழாகப் பிடித்து, அடியைத் திறந்துவிட்டு, ஒற்றைக் கயிற்றுக்குப் பதிலாகப் பதினைந்து வரி எலாஸ்டிக் நூலை ஓட்டி, உள்ளே பாக்குக்குப் பதிலாகப் பேத்தியை வைத்தால் கிடைப்பதே சுருக்குக் கவுன். இங்கிலாந்து உழவர்கள் அணிந்த ஸ்மாக்கு அங்கியே இதன் மூதாதை என்பார் உண்டு. அவ்வங்கியின் சுருக்கம் கையால் போட்ட அலங்காரத் தையலால் அமைந்தது; இழுத்தால் சுருங்கி, தளர்த்தினால் விரியும் குணம் பையினுடையதே ஆதலால், அக்கொள்கை இங்கு ஏற்கப்படவில்லை.

மூலம் இவ்வாறு நிறுவப்பட்டபின் செய்முறை. அளவெடுத்தல் எளிது என்பதே இவ்வுடையின் பெருமை. குழந்தையின் மார்பளவு 60 செ.மீ. என்றால் அதன் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை, அதாவது 90 முதல் 120 செ.மீ. அகலத் துணி வேண்டும். மல், வாயில் போன்ற மெல்லிய பருத்தியே உகந்தது; கனத்த துணி எலாஸ்டிக் நூலோடு மல்லுக்கட்டி வென்றுவிடும். மேல் ஓரத்தை மடித்தடித்துவிட்டு, சாக்குக்கட்டியால் முதற்கோடு இட வேண்டும். பிறகு பாபின். இங்குதான் பலரும் வழுக்கி விழுகின்றனர். சாதாரண நூலைப் போல மிஷினிலேயே சுற்றினால் எலாஸ்டிக் நூல் முழுதும் இழுபட்டுச் சுற்றிக்கொண்டு, தைப்பதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது. ஆகவே அதைக் கையால், இழுக்காமல், சும்மா கிடக்கும் கைக்குழந்தைக்குத் துணி சுற்றுவது போலச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிய பாபின் சில வரிகளிலேயே தீர்ந்துவிடும் என்பதால், நான்கைந்து பாபின்களைச் சுற்றி வைத்துக்கொள்வது பாதி வரியில் வாயில் வரும் சொற்களைத் தடுக்கும்.

தையலின் நீளத்தைக் கூட்டி, சுமார் 4 மில்லிமீட்டரில் வைத்து, துணியின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி தைப்பது விதி. எலாஸ்டிக் நூல் அடியில், துணியின் உட்புறம் ஓடும். வரிக்கு வரி ஒரு செ.மீ. இடைவெளி போதும். முதல் வரி முடிந்ததும் துணி ஏறக்குறைய முன்போலவே கிடக்கும். இது ஆய்வாளர்களால் ‘முதல் வரி ஏமாற்றம்’ என்று குறிக்கப்படத் தக்கது. இந்நிலையில் பாபின் கேஸின் சிறு திருகைத் திருகுவோர் உண்டு. அத்திருகு பாபின் நூலின் இறுக்கத்தை ஆள்வது. கால் சுற்றுக்கே குணம் மாறும். தையற்காரர்கள் அதை வீட்டுச் சாவியைப் போலப் பிறர் கைக்குக் கொடுப்பதில்லை. எலாஸ்டிக் நூலுக்கென்று தனி பாபின் கேஸ் வைத்துக்கொள்வதே குடும்ப அமைதிக்கு உகந்தது. திருகைத் தொடாமல் பொறுமையோடு இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று, முன்பு தைத்த வரிகளைக் கையால் சமமாக இழுத்துப் பிடித்தபடி தைத்துக்கொண்டே போனால், நான்காவது வரி அளவில் துணி திடீரென்று மனம் மாறிச் சுருங்கத் தொடங்குகிறது. கடைசியில் வரி முனைகளை முடிச்சிட்டு, பக்கத் தையலுக்குள் அவை அகப்படுமாறு மூட்டினால் கவுன் முடிந்தது. முடிச்சிட மறந்தவர் ஒரு நுனி உருவி ஒரு வரி முழுதும் விரிந்துபோவதைக் கண்டு கற்றுக்கொள்வார். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்த மிதி மிஷினாயினும், பாட்டி காலத்து உஷாவாயினும், இம்முறைக்குத் தடையில்லை. மிஷின் மூலையில் துணிமணி மூடிக் கிடப்பதுதான் தடை.

தைத்த பின் இஸ்திரிப் பெட்டியின் ஆவியை, பெட்டி துணியில் படாமல், மேலே காட்டினால் சுருக்கம் இன்னும் இறுகும். இது மாயமன்று. பெரும்பாலான பொருள்கள் சூடேறினால் நீள, இழுத்துப் பிடித்த ரப்பரோ சூடேறினால் சுருங்கும். இதை 1805இல் எழுதிய ஜான் காஃப் கண்பார்வையற்றவர்; ரப்பர்ப் பட்டையை உதட்டில் வைத்து, சட்டென இழுக்கும்போது அது சூடாவதை உணர்ந்து சொன்னவர். 1859இல் இயற்பியலாளர் ஜூல் அதை அளந்து உறுதி செய்தார். இழுவிசை தனி வெப்பநிலைக்கு ஏற்பக் கூடும் என்னும் விதிப்படி, வாலாஜாபாத்தில் காலை 30 டிகிரியாக இருந்த வெப்பம் அக்னி நட்சத்திர உச்சியில் 40 டிகிரியானால், தனி அளவில் 303 என்பது 313 ஆகி, கவுனின் பிடி சுமார் 3 விழுக்காடு இறுகும். இது ஒரு குடலை இட்லி உண்டபின் ஏற்படும் இறுக்கத்தைவிடக் குறைவே என்பதால், கோடையில் கவுன் சிறுத்துவிட்டது என்னும் முறையீடுகள் இயற்பியலின்பாற்பட்டவை அல்ல.

பட்டுப் புடவையை இவ்வாறு சுருக்கிக் கவுனாக்கலாமா என்று கேட்பவர் வெளியூர்க்காரராகவே இருப்பர். ஊசித் துளை பட்டில் வடுவாக நிற்கும். ஜரிகை வளையுமே தவிரக் குவியாது. ஆயினும் ஜரிகைக்கும் எலாஸ்டிக் நூலுக்கும் அமைப்பில் நெருங்கிய உறவு உண்டு என்பதை இத்துறை இதுவரை கவனிக்கவில்லை. ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. எலாஸ்டிக் நூல் என்பது ரப்பர் இழையின் மேல் பாலியஸ்டர் நூலைச் சுற்றியது. இரண்டும் உள்ளொன்று புறமொன்றானவை. முன்னதில் விலை வெளியே இருக்கிறது, பின்னதில் வேலை உள்ளே இருக்கிறது. பழம்புடவையை உருக்கி வெள்ளி எடுப்பார் உண்டு. பழங்கவுனை உருக்கினால் நாற்றம்தான் மிஞ்சும்.

நைட்டி என்னும் கோடையுடை ஏற்கெனவே இருக்க இது எதற்கு என்பாரும் உண்டு. நைட்டி வாசலுக்கு வர மேலே ஒரு துண்டு கேட்கிறது. சுருக்குக் கவுன் கேட்பதில்லை. இதற்கு மேல் அவ்விவாதத்தில் சாரமில்லை.

எலாஸ்டிக் நூலின் பகைகள் வெயில், கொதிநீர், எண்ணெய். தேங்காயெண்ணெய் ரப்பரை ஊதவைத்து நெகிழ்த்துவதால், எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பில் உடனே கவுனை மாட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும். உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் உலர்த்துவது கூட்டும். எவ்வளவு காத்தாலும் இரண்டு மூன்று கோடைக்குள் மேல்வரி தளர்ந்து, ஊக்கு வரும். அதுவரை, பக்கப் பை வைத்துத் தைப்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுவதால், குச்சி ஐஸ் வாங்கக் கொடுத்த பத்து ரூபாய் நாணயத்தை அணிந்திருக்கும் பெண் முதல் வரிக்கு உள்ளே செருகிக்கொள்கிறாள். அது அங்கேயே நிற்கிறது, ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு தெருமுனைக்கு வந்து சேரும்வரை.